மூலையில் ஒட்டிய பொட்டலம்

உலர்ந்த செடிகளைச் சேர்த்து வைக்கும் கூடத்தில், அவற்றை அட்டையில் ஒட்டுவது அவள் வேலை. பெயர் சொல்வது அவள் கணவர் வேலை. அவர் அங்கே தலைமை நிபுணர். வீட்டிலும் அந்த நாற்காலியை விட்டு இறங்கியதில்லை.

ஆறு வருடம் முன்பு இருவரும் ஒரு சரிவில் ஏறி, சுண்டுவிரல் உயரச் செடி ஒன்றைப் பறித்து வந்தார்கள். நகத்தளவு நீலப் பூ. சாலையோரங்களில் எங்கும் முளைக்கிற ஒரு செடியின் அச்சு அசல். காய் முற்றும் வரை பொறுத்து, அவள் மட்டும் மறுபடி ஏறி விதை கொண்டுவந்தாள். சாலையோர விதை வழவழப்பு. சரிவு விதையில் வரிவரியாக மேடு.

"இது வேற செடிங்க. விதையைப் பாருங்களேன்."

"பூவும் ஒண்ணு, இலையும் ஒண்ணு. நீ பசையைப் பாரு."

கூடமே சிரித்தது. அவளும் சிரித்துத் தொலைத்தாள். அதை நினைத்தால் இன்றும் அவளுக்குத் தன்மேல்தான் எரிச்சல் வரும்.

சாதாரணச் செடி என்று சீட்டெழுதிக் கையெழுத்திட்டு, அட்டையில் ஒட்டினார். விதைகளை அவள் பொட்டலமாக மடித்து மூலையில் ஒட்டினாள். சரிவில் அரிய செடி எதுவும் இல்லை என்று அந்தச் சீட்டைக் காட்டித்தான் கல்குவாரிக்காரர்கள் அனுமதி வாங்கினார்கள். மூன்றே மாதத்தில் சரிவு பள்ளமாகிவிட்டது. அதற்குப் பிறகு அவள் விடுமுறை தோறும் மலை மலையாக ஏறினாள். அந்தச் செடி எங்குமே இல்லை.

இன்று, வெளியூர் நிபுணர் ஒருவர் அந்த விதையைப் பற்றிக் கேட்டாரே என்று, கணவர் பொட்டலத்தை முதல்முறையாகப் பிரித்தார். மதியம் அவள் மேசைக்கு வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை.

"நீ சொன்னதுதான் சரி. புது இனம். இந்த விதையை முளைக்க வெச்சா?"

"பூச்சி வரக் கூடாதுன்னு அட்டைக்கெல்லாம் மருந்தடிக்கச் சொன்னது நீங்க. நாலு தடவை முளைக்க வெச்சுப் பாத்துட்டேன். செத்த விதை."

அவர் அட்டையை இழுத்து, தன் பழைய சீட்டின் ஓரத்தை நகத்தால் நெம்பினார்.

"கிழிக்காதீங்க. பழைய சீட்டை எடுக்கக் கூடாது, புதுசைப் பக்கத்துலதான் ஒட்டணும். எல்லாருக்கும் நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க?"

கை நின்றது. "சரி. செடிக்கு உன் பேரையே வைக்கறேன்," என்றார், பெரிய மனது பண்ணி.

"வேணாம். கண்டுபிடிச்சது நான், கட்டுரையும் நானே எழுதறேன். உங்க பேரை வைக்கறேன்."

"என் பேரா? எதுக்கு?"

"அந்தச் செடி எங்கன்னு கேக்கறவங்க, இனிமே உங்க பேரைச் சொல்லித்தான் கேக்கணும்."