சனிக்கிழமைக் காயின்

"பேரெல்லாம் கேக்காதீங்கக்கா. பேரு இல்லங்கதுதான் இதுல உள்ள விசேஷமே."

சத்யப்பிரியா இப்படிச் சொன்னபோது பரிபூரணம் கண்ணாடி மேஜைமேல் மூவாயிரம் ரூபாயை வைத்துவிட்டு, அதன்மேலிருந்து கையை எடுக்காமல் நின்றாள்.

"பேரு இல்லாம எப்பிடி தாயி அனுப்புவ? தபால்காரன்கூடப் பேரு கேப்பானே."

"நம்பர் இருக்குல்லா. அந்த ஆளு உங்க போனுக்கு அனுப்பிருக்காருல்ல, இம்புட்டு நீளத்துக்கு. அதுதான் வாசல். வாசல்ல போட்டா உள்ள போயிரும். உள்ள யாரு இருக்கான்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது."

"ஜீபேல போட்டா ஆகாதா?"

"அதுல பேரு விழும்லக்கா. ஜெயிலுக்குள்ள இருந்துக்கிட்டு எவனாவது தன் பேரைக் காட்டுவானா? கைய எடுங்க, எண்ணணும்."

ராஜபாளையம் பழைய பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்தது சத்யப்பிரியாவின் செல் கடை. அவள் கணவன் துபாயில் எலக்ட்ரீசியன். சம்பளத்தை வங்கிவழி அனுப்பாமல், 'கிரிப்டோ' என்கிற டாலர் காயினாக அவள் போனுக்கு அனுப்புவான். காயின் வேண்டியவர்கள் அவளிடம் ரொக்கமாகக் கொடுத்தால், அவர்கள் சொல்லும் இடத்துக்குக் காயினைத் தள்ளிவிடுவாள். நூற்றுக்கு மூன்று ரூபாய் அவளுக்கு. முதலில் கம்ப்யூட்டர் படித்த பையன்கள் வந்தார்கள். இப்போது வருகிறவர்களில் பாதிப்பேர் ஜெயிலில் ஆள் உள்ளவர்கள். அவள் யாரிடமும் எதற்கென்று கேட்பதில்லை.

"கடைசி நாலெழுத்தை மட்டும் மனசுல வச்சுக்கோங்க. ஏழு, கே, எக்ஸ், ரெண்டு. ஒவ்வொரு வாட்டியும் அது சரியான்னு பாத்துட்டுத்தான் அனுப்பணும். ஒரு எழுத்து மாறுனாலும் துட்டு கெணத்துல போட்ட மாதிரி."

"ஏழு, கே, எக்ஸ், ரெண்டு," என்று பரிபூரணம் வேத வசனம்போல் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அவளுடைய ஒரே மகன் பெலிக்ஸ். வயது இருபத்திரண்டு. செட்டியார்பட்டி விலக்கில் பாண்டிதுரை என்ற பையனைக் குத்திக் கொன்ற வழக்கில் மூன்றாவது ஆளாகச் சேர்த்து, மூன்று மாதமாக உள்ளே வைத்திருக்கிறார்கள். பெலிக்ஸ் செய்தது பைக் ஓட்டியது மட்டும்தான். பின்னால் உட்கார்ந்து வந்தவன்தான் குத்தினான். அவன் வழக்கில் முதல் ஆள், வசதியான வீடு. மூன்றாம் மாதமே ஜாமீனில் வந்துவிட்டான்.

அவன் வெளியே வந்த வாரத்தில்தான் பரிபூரணத்துக்கு அந்த வாட்ஸ்அப் கால் வந்தது.

"சாப்ட்டீங்களாம்மா?"

"யாருங்க?"

"பெலிக்ஸ் இருக்கற பிளாக்லதான்மா நானும் இருக்கேன். சின்னப் பையன். இங்க எல்லாரும் ஒரே மாதிரி இருக்க மாட்டாங்க. நான் பாத்துக்கறேன். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை நீங்க கொஞ்சம் கவனிச்சுக்குங்க."

மிரட்டவில்லை. குரலை உயர்த்தவில்லை. கோயிலில் பிரசாதம் கொடுப்பவன்போல் பேசினான். காசு போய்ச் சேர்ந்த பத்தாவது நிமிடம் திரும்பக் கூப்பிட்டு, பெலிக்ஸிடம் போனைக் கொடுத்தான்.

"அம்மா, நல்லாருக்கேன்மா."

"சோறு போடுதாகளா ராசா?"

"பதினோரு மணிக்கெல்லாம் மத்தியானச் சோறு. அஞ்சு மணிக்கு ராச்சோறு. நடுவுல ஒண்ணும் கெடையாது. ராத்திரிதான்மா பசிக்கி."

அவ்வளவுதான். குரலுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள், தட்டு உருண்டது. அந்தப் பத்து விநாடிக்காகப் பரிபூரணம் பேண்டேஜ் கம்பெனியில் சனிக்கிழமை வாங்கும் சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து கண்ணாடி மேஜைமேல் வைத்தாள். மூவாயிரம் நாலாயிரம் ஆனது. நாலு ஐந்தானது. காதில் கிடந்த தோடு அடகுக்குப் போனது.

ஒரு புதன்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வாய்தா. கைதிகளை நேரில் கொண்டுவராமல் டி.வி.யில் காட்டினார்கள். வாசலில் எக்கி நின்று பார்த்த பரிபூரணத்துக்கு மகனின் முகம் தெரியுமுன் அவன் புருவத்துக்கு மேலே கட்டியிருந்த காஸ் துணி தெரிந்தது. பதினாறு மடிப்பு. கம்பெனியில் அவள் டேபிளில் மடித்ததாகக்கூட இருக்கலாம்.

அந்தச் சனிக்கிழமை அவள் கடையில் பணத்தை உடனே எடுத்து வைக்கவில்லை.

"ஏட்டி சத்யா, நான் துட்டுக் குடுத்தும் எம் பிள்ளைக்கு அடி விழுந்திருக்கே. போய்ச் சேருதா இல்லையா?"

"சேருதுக்கா. வேணும்னா பாருங்க." அவள் போனைத் திருப்பிக் காட்டினாள். "அந்த வாசல்ல என்ன விழுதுன்னு யாரு வேணும்னாலும் பாக்கலாம். பேருதான் தெரியாது. தொகையும் நேரமும் தெரியும். இது உங்க மூவாயிரம். இது நாலு. இது அஞ்சு."

"நடுவுல இருக்கது?"

சத்யப்பிரியா இழுத்த போனைப் பரிபூரணம் விடவில்லை.

"எனக்குப் பின்னாலயே ஒண்ணு விழுதே. நான் மூணு போட்டா அது நாலு. நான் நாலு போட்டா அது அஞ்சு. இங்க பாரு, ஆறு. இது அந்த அடி விழுந்த வாரம்லா?"

"அக்கா, பேரு கேக்காதீங்கன்னு சொன்னேன்."

"அப்ப உனக்குத் தெரியும்."

"எனக்கு எல்லாரும் ஒண்ணுதான்க்கா. துட்டு தாராங்க, அனுப்புதேன்."

"எந்த ஊரு? ஊரை மட்டும் சொல்லு."

சத்யப்பிரியா கடைக்கு வெளியே பார்த்தாள். பிறகு, உதடு பிரியாமல், "செட்டியார்பட்டி" என்றாள்.

பரிபூரணம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அதற்குமேல் பேர் தேவைப்படவில்லை. செத்துப்போன பாண்டிதுரையின் தாய் வெள்ளத்தாய் செட்டியார்பட்டிக்காரி. பதினொரு வருடம் அதே பேண்டேஜ் கம்பெனியில், அதே டேபிளில், எதிரெதிரே நின்று காஸ் மடித்தவர்கள் அவர்கள் இருவரும்.

அடுத்த வாய்தாவுக்கு வெள்ளத்தாயும் வந்திருந்தாள். கோர்ட் வளாகத்து வேப்பமரத்தடியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். பரிபூரணம் நேரே போய் எதிரில் நின்றாள்.

"வெள்ளத்தாய்."

"எம் பேரைச் சொல்லாத."

"ஏழு, கே, எக்ஸ், ரெண்டு."

தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்த வெள்ளத்தாயின் கை அப்படியே நின்றது.

"நானும் அங்கதான் போடுதேன்," என்றாள் பரிபூரணம்.

"நீ எதுக்குப் போடுத?"

"எம் மகன் மேல கை படாம இருக்க."

"நான் எதுக்குப் போடுதேன்னு தெரியும்லா?"

"தெரியும்."

"புருவத்துக்கு ஆறாயிரம் வாங்குனான்." வெள்ளத்தாய் காய்கறி விலை சொல்வதுபோல் சொன்னாள். "காலுக்குப் பதினஞ்சு கேக்கான். சேத்துக்கிட்டு இருக்கேன்."

"பாவி, ரெண்டு பேருட்டயும் வாங்குதான்டி. நீ கூட்டுனா என்கிட்ட வந்து கூட்டுதான், நான் கூட்டுனா உன்கிட்ட வருதான். ஏலம் போடுதான். என் காதைப் பாரு, தோடு போயிருச்சு."

"எனக்கு மகனே போயிட்டான்."

பரிபூரணம் தரையில் உட்கார்ந்தாள். 

"வண்டி ஓட்டுனது எம் பிள்ளைதான். அதை இல்லன்னு சொல்லல. குத்துனவன் எவன்னு உனக்கும் தெரியும். சட்டையில மடிப்புக் கலையாம வெளியில திரியுதான். பெலிக்ஸ் சொல்லுதேங்கான் வெள்ளத்தாய். கூண்டுல ஏறி, இவன்தான் குத்துனான்னு சொல்லுதேங்கான். வக்கீலுட்ட எழுதியே குடுத்துட்டான். அவன் காலை ஒடிச்சா எப்பிடி ஏறுவான்? இன்னும் கொஞ்சம் கூடப் போட்டு உசுரே போயிட்டா உம் மகனுக்கு யாரு சாட்சி?"

வெள்ளத்தாய் பாட்டிலை மூடிக் கீழே வைத்தாள்.

"உன்னை எப்பிடி நம்ப? நான் நிறுத்துவேன், நீ போடுவ."

"பைபிள் மேல சத்தியமாப் போட மாட்டேன்."

"உன் பைபிள் உன்னை மன்னிச்சிரும். ஞாயித்துக்கிழமை போயி அழுதா எல்லாம் சரியாப் போகும்னு டேபிள்ல நீயேதான் சொல்லிருக்க. எங்க கருப்பசாமி மன்னிக்காது. சூடத்துல அடிப்பியா?"

பரிபூரணம் ஊழியம் செய்த குடும்பத்தில் பிறந்தவள். தீபாராதனைத் தட்டைக்கூடத் தொட்டதில்லை. "வா," என்று எழுந்தாள்.

கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில் ஒரு சின்னக் கருப்பசாமி பீடம். வெள்ளத்தாய் பெட்டிக்கடையில் இரண்டு கட்டிச் சூடம் வாங்கிவந்து கல்மேல் கொளுத்தினாள். "இனி ஒத்தப் பைசா போட மாட்டேன்," என்று சொல்லி, உள்ளங்கையால் சுடரை ஒரே அடியில் அடித்து அணைத்தாள். அடுத்த சூடம் பரிபூரணத்துக்கு. அவளும் அதே வார்த்தையைச் சொன்னாள். கையைச் சுடர்மேல் வைத்து, அணைகிறவரை அமுக்கிக்கொண்டே இருந்தாள்.

"ஏக்கா! அமுக்கக் கூடாதுக்கா! அடிச்சுட்டு எடுக்கணும்!"

வெள்ளத்தாய் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். உள்ளங்கை நடுவில் காலணா அளவுக்குத் தோல் வெந்திருந்தது. ஏழு மாதத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து 'அக்கா' என்ற சொல் வந்ததை இரண்டுபேரும் கவனித்தார்கள். 

சனிக்கிழமை வந்தது. பரிபூரணம் சம்பளத்தை வாங்கிக்கொண்டு நேரே வீட்டுக்குப் போனாள். போன் வரவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்து படி இறங்கும்போது வந்தது.

"சாப்ட்டீங்களாம்மா? கை எப்படி இருக்கு?"

அவள் காஸ் சுற்றிய கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள், அவன் பார்க்கிறவன்போல.

"எந்தக் கைய்யா?"

"சூடம் சுட்டுச்சுல்ல. கோர்ட்டுப் பக்கம் நமக்கும் ஆள் உண்டும்மா." மெல்லச் சிரித்தான். "ஆள் சொல்லாட்டியும் எனக்குத் தெரிஞ்சிருக்கும். ஒரு குழாய் நின்னா, சரி, வீட்ல கஷ்டம்னு நினைப்பேன். ரெண்டு குழாயும் ஒரே நாள்ல நின்னா? யாரோ பேசி அடைச்சிருக்காங்கன்னுதானே அர்த்தம். எனக்கு வருத்தம் இல்லம்மா. நீங்க ரெண்டு பேரும் வேணாம்னா, வேற ஆளே இல்லாமயா போயிரும்? ஒருத்தர் ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காரு. நான்தான் உங்க ரெண்டு பேருக்காகப் பொறுத்திருந்தேன்."

"தம்பி, தம்பி, நாளைக்கே..."

வைத்துவிட்டான்.

திங்கட்கிழமை மத்தியானம் அரைநாள் லீவு சொல்லிவிட்டுப் பரிபூரணம் செல் கடைக்கு ஓடினாள். வாசலில் வெள்ளத்தாய் நின்றுகொண்டிருந்தாள். மடியில் முடிச்சு.

"நீ போய்ச் சொன்னியா?" என்றாள் பரிபூரணம்.

"நீ சொன்னியான்னு கேக்கத்தான் நான் வந்தேன். எம் புருசன் போனுக்கு அடிச்சு, 'அந்தம்மா கை எப்படி இருக்கு'ன்னு கேக்கான்."

"துட்டோட வந்திருக்க."

"நீயும்தான்."

சத்யப்பிரியா எட்டிப் பார்த்தாள். "வாசல்ல நின்னு கத்தாதீங்கக்கா, உள்ள வாங்க. நீங்களும் போடல, அவியளும் போடல. நானே சாட்சி. இந்தா பாருங்க, போன வாரத்துக்கு அப்புறம் ஒண்ணும் விழல." அவள் விரலால் திரையைக் கீழே இழுத்துவிட்டாள்.

மேலே புதிதாக ஒரு வரி வந்து நின்றது.

மூன்று பேரும் அதையே பார்த்தார்கள்.

"எம்புட்டு அது?" என்றாள் வெள்ளத்தாய்.

"ஒரு லட்சத்துக்கு மேல." சத்யப்பிரியாவின் குரல் இறங்கிவிட்டது. "இருவது நிமிசம் ஆச்சு. என் கைலருந்து போகலக்கா. எங்க பிள்ளைக மேல சத்தியமா என் கைலருந்து போகல."

"யாரு?"

"பேரு இல்லக்கா."

பக்கத்துப் பெட்டிக்கடை ரேடியோவில் ஏதோ சோப்பு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. பரிபூரணத்துக்கு மடிப்புக் கலையாத ஒரு சட்டை கண்ணில் வந்து போனது.

"காலுக்கே பதினஞ்சுதான கேட்டான்," என்றாள் வெள்ளத்தாய், யாரையும் பார்க்காமல். "ஒரு லட்சத்துக்கு..."

மடி முடிச்சை அவிழ்த்தாள். பன்னிரண்டாயிரம் இருந்தது. பரிபூரணத்தின் கையிலிருந்த ஐயாயிரத்தையும் பிடுங்கி, சேர்த்து மேஜைமேல் வைத்தாள்.

"அனுப்பு தாயி. சீக்கிரம்."

"எதுக்குன்னு அவருட்டச் சொல்லணும்லக்கா? நீங்க இதுவரைக்கும்..."

"அந்தப் பய உசுரோட இருக்கணும். அதுக்கு. வந்து சொல்லணும் அவன். அனுப்புட்டி!"

ஏழு, கே, எக்ஸ், ரெண்டு. மூவரும் வாய்விட்டுச் சரிபார்த்தார்கள். காயின் போனது.

பத்து நிமிடம். வெள்ளத்தாய் பரிபூரணத்தின் காஸ் சுற்றிய கையைத் தன் மடியில் வைத்துப் பிடித்திருந்தாள். போன் அடித்தது.

"சாப்ட்டீங்களாம்மா?"

"போட்டுட்டோம் தம்பி. ரெண்டு பேருமே. ரெண்டும் ஒரே காரியத்துக்குத்தான். பெலிக்ஸைக் குடுங்க, ஒரே ஒரு வார்த்தை."

"பாத்தேன்மா. வந்துச்சு."

வழக்கமாக அந்தக் குரலுக்குப் பின்னால் கேட்கும் இருமல் இல்லை. தட்டுச் சத்தம் இல்லை. எங்கோ தூரத்தில் ஒரு விசில் மட்டும் விட்டுவிட்டு ஊதியது.

"பெலிக்ஸ் சாப்பிடப் போயிருக்கான்மா," என்றான். வைத்துவிட்டான்.

"என்னக்கா சொன்னான்? பேசுனானா?"

"சாப்பிடப் போயிருக்கானாம்."

"அப்பாடி." வெள்ளத்தாய் நெஞ்சில் கைவைத்தாள்.

பரிபூரணம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று அடித்து ஐந்து நிமிடம் ஆகியிருந்தது.

"பதினோரு மணிக்கு மத்தியானச் சோறு," என்றாள். "அஞ்சு மணிக்கு ராச்சோறு. நடுவுல ஒண்ணும் கெடையாது வெள்ளத்தாய்."