பதினாறாவது இடம்

எங்கள் ஸ்கேன் சென்டரின் படங்களெல்லாம் ஒரு வெர்ச்சுவல் மெஷினில் இருக்கின்றன. பெரிய கம்ப்யூட்டருக்குள் ஓடும், உடம்பில்லாத கம்ப்யூட்டர் அது. பதினாறு டிஸ்க்தான் அதில் சேர்க்கலாம். தலைகீழாக நின்றாலும் பதினேழாவதை ஏற்காது. நான் பதினைந்தோடு நிறுத்திவிடுவேன். ஏதாவது ஒன்று படுத்துவிட்டால், அதிலிருப்பதை மீட்கும்வரை அதைக் கழட்ட முடியாது; பேக்கப்பைச் சேர்க்க இன்னொரு இடம் வேண்டுமே! ‘பதினாறு – காலி’ என்று மானிட்டரில் சீட்டே ஒட்டியிருந்தேன்.

அந்தச் சீட்டை மாப்பிள்ளை தினமும் பார்ப்பார். மாப்பிள்ளை என்றால் என் தங்கை கணவர். அவரை இந்த வேலையில் சேர்த்துவிட்டவனே நான்தான். போன மாதம் காய்ச்சலில் படுத்தபோது என் பாஸ்வேர்டையும் அவரிடம்தான் கொடுத்தேன். வேறு யாரை நம்புவேன்?

திங்கட்கிழமை காலை ஒரு டிஸ்க் செத்தது. பேக்கப்பைச் சேர்க்கப் போனால் இடமில்லை என்றது மெஷின். பதினாறாவது இடத்தில் பெயரில்லாத டிஸ்க் ஒன்று உட்கார்ந்திருந்தது.

“யாருதுங்க இது? சொன்னா உடனே கழட்டிடுவேன்” என்று அறை முழுக்கக் கேட்டேன்.

பக்கத்து நாற்காலியில் இருந்த மாப்பிள்ளை உதட்டைப் பிதுக்கினார். யாருடையது என்று தெரியாமல் பிடுங்கினால் எந்த நோயாளியின் படம் போகுமோ? பூட்டியிருந்ததைத் திறக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. வெளியே ஆபரேஷனுக்கு வந்தவர்கள் படமில்லாமல் காத்திருந்தார்கள். உள்ளே பார்த்தால், மாப்பிள்ளை படிக்கும் ஆன்லைன் கோர்ஸின் வீடியோக்கள்! அதைக் கழட்டிவிட்டு பேக்கப்பைச் சேர்த்தேன்.

மதியம் மேனேஜர் இருவரையும் கூப்பிட்டார். அந்த டிஸ்க்கைச் சேர்த்தது என் பெயரில் பதிவாகியிருந்தது. பாஸ்வேர்ட் கொடுத்த புண்ணியம். மாப்பிள்ளை இப்போதாவது சொல்லிவிடுவார் என்று அவர் முகத்தைப் பார்த்தேன், முட்டாள்.

“அந்த இடத்தைக் காலியா வைங்க மச்சான்னு எத்தனையோ தடவை சொன்னேன் சார். கேட்டாத்தானே?” என்றார் அவர்.

என் சீட்டைக் கிழித்து என் முகத்திலேயே ஒட்டியது போலிருந்தது. பாஸ்வேர்டைக் கொடுத்தேன் என்று சொன்னால் அதுவும் என் குற்றம்தான். எட்டு வருஷமாக நான் பார்த்த மெஷின் அன்றே அவர் பொறுப்புக்குப் போயிற்று.

சாயங்காலம் தங்கை போன் செய்தாள்.

“அண்ணா, அவர் அவ்வளவு சொல்லியும் நீ கேக்கலையாமே? உன்னை வேலையை விட்டு அனுப்பிடாதீங்கன்னு மேனேஜர்கிட்ட அவர்தான் கெஞ்சினாராம். பாவம், சாப்பிடக்கூட மனசில்லாம உக்காந்திருக்கார்.”

உன் புருஷன் துரோகி என்று நாக்கு நுனிவரை வந்தது. அவள் குரலிலோ அத்தனை பெருமை.

“ஆமாம்மா, கேட்டிருக்கணும்” என்றேன். “அவரைச் சாப்பிடச் சொல்லு.”