மூன்று கட்டில், நான்கு தலை

"அட்டைப்படம் உன்னுது" என்றார் இதழாசிரியர் க்ரனோவ்ஸ்கி.

மீரெக்குக்கு ஒரு கணம் காது அடைத்துக்கொண்டது. லூப்ளின் நகரத்தின் மாணவர் இதழுக்கு அவன் படம் எடுக்க ஆரம்பித்து இரண்டு வருடம். இதுவரை அட்டையில் வந்ததெல்லாம் அறுவடைக்குப் போன மாணவர் படை, கூட்டத்தில் கை தூக்கும் மாணவர் படை, மறுபடி அறுவடை. எழுபத்தாறாம் வருட மே மாத இதழில்தான் முதன்முறையாக ஒரு தூங்கும் முகம்.

இரண்டு மாதமாக விடுதி விடுதியாக அலைந்து எடுத்த படங்களில் ஒன்று அது. தாழ்வாரத்தில் வரிசையாக நின்று சவரம் செய்பவர்கள், ஒரு முட்டையை மூன்றாகப் பங்கு போடுகிறவர்கள், குளியலறை வாசலில் நின்றபடியே பாடம் படிக்கிறவள்... இருபது ஃபிலிம் ரோல் எடுத்திருந்தான். அத்தனையிலும் இது தனி. காலை ஆறரை மணி. திறந்த கதவு. மூன்று கட்டில்கள். இரண்டில் இரண்டு பெண்கள் அரைத்தூக்கத்தில் எழுந்துகொண்டிருக்கிறார்கள். மூன்றாமவள் தேநீர் டம்ளரோடு காலை அகட்டித் தரையில் எதையோ தாண்டுகிறாள். தரையில் மெத்தை. மெத்தையில் நெஞ்சின்மேல் புத்தகம் விரிந்திருக்க, பொஷேனா. ஜன்னல் வெளிச்சம் முழுவதும் அவள் கன்னத்தில்.

அந்தக் கன்னத்தைப் பற்றி மீரெக் இன்னும் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அவளிடமும்தான்.

படத்தின் பிரதி ஒன்றைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஓடினான். பொஷேனாவின் அறை, விடுதியில் மூன்றாவது மாடி. கதவைத் தட்டாமலே நுழைந்தான்.

தெரெசாதான் முதலில் வாங்கிப் பார்த்தாள். தேநீர் டம்ளரோடு தாண்டுகிறவள் அவள்தான்.

"என் கால் இவ்ளோ குண்டா?" என்றாள். அப்புறம் அவள் சிரிப்பு பாதியில் நின்றது. "டேய், இது எங்க வரப்போகுது?"

"அட்டையில."

"கட்டில் எத்தனைன்னு எண்ணு."

"மூணு."

"தலை?"

மீரெக் எண்ணவில்லை. எண்ண வேண்டிய தேவை இல்லை.

விடுதியில் பதிவு இல்லாமல் ஒண்டிக்கொண்டிருப்பவனுக்கு 'வலெத்' என்று பெயர். எல்லா அறையிலும் ஒரு வலெத் உண்டு. மீரெக் அறையில் இரண்டு. தரையில் ஒரு தலை கிடப்பது அவனுக்கு மேஜை நாற்காலி கிடப்பது மாதிரி. பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது ஒளித்து வைக்க வேண்டிய விஷயம் என்பதே மறந்துபோயிருந்தது.

"கதவு நம்பர் வேற பளிச்சுனு தெரியுது. முந்நூத்திப் பதினேழு" என்றாள் தெரெசா. "சரி, நம்பரை மறைச்சிரலாம். என் மூஞ்சியை எங்க கொண்டுபோய் மறைப்ப? வார்டன் தினம் என்னைத் திட்டிட்டுத்தான் காபியே குடிக்கிறா."

பொஷேனா மேஜைக்கடியிலிருந்து வெளியே வந்தாள். அவள் படிக்கும் இடம் அது. போன வருடம் உடற்கூறு தேர்வில் தவறியவள். தவறியதும் விடுதிக் கட்டிலும் போயிற்று. ஜூன் பன்னிரண்டு மறுதேர்வு. அதிலும் தவறினால் மருத்துவப் படிப்பே முடிந்தது. அதற்குள் பிடிபட்டால் அவள் தெருவுக்கு, அடைக்கலம் கொடுத்த மூன்று பேரும் கட்டில் இழந்து அவள் பின்னாலேயே.

படத்தை வெகுநேரம் பார்த்தாள். கோபப்படுவாள் என்று மீரெக் தயாராக நின்றான்.

"நான் தூங்கும்போது இப்படியா இருக்கேன்?" என்று மட்டும் கேட்டாள்.

அதற்குப் பதில் அவள் திட்டியிருக்கலாம்.

ஆசிரியரிடம் திரும்பி ஓடினான். உண்மையைச் சொல்ல வழியில்லை. விடுதியில் இடம் ஒதுக்கும் குழுவில் க்ரனோவ்ஸ்கியும் ஓர் ஆள்.

"சார், அந்தப் படம் வேணாம். ஃபோகஸ் சரியில்ல."

"ஃபோகஸ் ஊசி மாதிரி இருக்கு. வெக்கப்படாத."

"வேற படம் தரேன் சார்."

"தம்பி, ஒம்பது மணிக்கே இதழ் தணிக்கைக்குப் போயாச்சு. இப்ப போய் ஒரு படத்தைத் திருப்பிக் கேட்டா ஏன்னு கேப்பாங்க. அப்புறம் பன்னெண்டு பக்கத்தையும் பூதக்கண்ணாடி வெச்சுப் பார்ப்பாங்க. அஞ்சாம் பக்கத்துல ஒரு கவிதையை நான் எவ்வளவு பாடுபட்டு நுழைச்சிருக்கேன் தெரியுமா? இனிமே உன் படத்தை அட்டையிலேர்ந்து எடுக்கணும்னா அவங்களாத்தான் எடுக்கணும்."

அவங்களாத்தான் எடுக்கணும். அந்த வார்த்தை மீரெக்கின் மண்டையில் ஒட்டிக்கொண்டது.

படிக்கட்டில் உட்கார்ந்து, லென்ஸை வைத்துத் தன் படத்தில் தானே குற்றம் தேடினான். தேநீர் டம்ளர், குற்றமில்லை. கொடியில் காயும் காலுறைகள், குற்றமில்லை. மெத்தை... மெத்தைக்கு அடியில் குளிர் ஏறாமல் இருக்க விரித்திருந்த செய்தித்தாள். ஆளும் கட்சியின் நாளிதழ். ஓரத்தில் மே தின மேடை, மேடையில் தலைவர்களின் வரிசை. அவர்கள்மேல் ஒரு மருத்துவ மாணவி நிம்மதியாகத் தூங்குகிறாள்.

தணிக்கையில் படம் மாட்டிக்கொள்ள இது போதும்.

அரசாங்கத் தணிக்கை அலுவலகத்தில் சோப்சாக் என்ற பெண்மணி உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். முள்ளங்கி வில்லை வைத்த ரொட்டியைத் தாளில் மடித்து ஓரமாக வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"என்ன வேணும்?"

"மேடம், மாணவர் இதழ் அட்டைப்படம்... அதைத் தடை பண்ணணும்."

"யார் அனுப்பினது?"

"யாரும் இல்ல. நான் எடுத்த படம்தான்."

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "பதினோரு வருஷமா இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன். அழுதிருக்காங்க, கத்தியிருக்காங்க, மிட்டாய் டப்பாவோட வந்திருக்காங்க. தடை பண்ணுங்கன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் வந்ததில்ல."

மீரெக் செய்தித்தாளைச் சுட்டிக் காட்டினான்.

"காலையிலேயே பார்த்தேன்" என்றார் அவர். "பேப்பரை விரிச்சுப் படுக்கறது குத்தம்னா பாதி ஊரைப் பிடிச்சு உள்ள போடணும். நீ சொல்ற காரணத்தை எழுதினா என்ன ஆகும் தெரியுமா? உன் பேருக்குக் கீழ ஒரு கோடு விழும். அப்புறம் எந்தப் பத்திரிகையும் உன்னை வாசப்படி ஏற விடாது."

வார்சாவில் ஒரு வார இதழ் வேலை விஷயமாக இலையுதிர்காலத்தில் வந்து பார்க்கச் சொல்லியிருந்தது. மீரெக் அந்தக் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தான்.

"எழுதுங்க மேடம்" என்றான்.

அவர் எழுதவில்லை. படத்தைக் கண்ணருகில் பிடித்தார். பென்சில் முனை மூன்று தலையணைகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டது. தரைக்கு வந்து நின்றது.

தானே தேடி வந்து பொஷேனாவைக் காட்டிக்கொடுத்துவிட்டோமோ என்று மீரெக்குக்குத் தோன்றியது.

"எந்தப் பரீட்சை?" என்றார் சோப்சாக்.

பொய் ஒன்றும் கைக்குச் சிக்கவில்லை.

"உடற்கூறு."

"எப்போ?"

"ஜூன் பன்னெண்டு."

"அந்த விடுதியில கீழ்த்தளச் சமையலறை ஜன்னலுக்குக் கொக்கி மாட்டிட்டாங்களா, இல்ல இன்னும் ஒடஞ்சேதான் கிடக்கா?"

அந்த ஜன்னல் வழியாகத்தான் பொஷேனா தினமும் ஏறிக் குதிக்கிறாள்.

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. படிவத்தை இழுத்து எழுதினார்: 'அறையில் காயும் பெண்களின் காலுறைகள் அட்டைப்படத்துக்கு உகந்தவை அல்ல. நீக்கவும்.' முத்திரை விழுந்தது.

"உன் ஆசிரியர் என்னை ஒரு பத்தாம்பசலின்னு சொல்வார். சொல்லட்டும். இந்தப் பிரதி இங்கயே இருக்கணும், அது விதி." படத்தைக் கோப்பில் வைக்குமுன் இன்னொரு தடவை பார்த்தார். "நல்லா எடுத்திருக்க. போ."

அவன் கதவை எட்டியபோது ரொட்டித் தாள் பிரியும் சத்தம் கேட்டது.

சாயங்காலத்துக்குள் அட்டையில் மறுபடி அறுவடைப் படை ஏறிவிட்டது. க்ரனோவ்ஸ்கி காலுறைகளைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். மீரெக் தலையாட்டிக்கொண்டே இருந்தான்.

முந்நூற்றுப் பதினேழில் பொஷேனா தனியாக இருந்தாள். நடந்ததையெல்லாம் சொன்னான். வார்சாக் கடிதத்தை மட்டும் சொல்லவில்லை.

"உன் முதல் அட்டைப்படம்" என்றாள் அவள்.

"இன்னொண்ணு எடுத்துக்கலாம்."

"இதே மாதிரி வராது, மீரெக்."

"வராது."

கீழே யாரோ யாரையோ குளியலறையிலிருந்து வெளியே வரச்சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள். பொஷேனா மெத்தையில் அவனுக்கு இடம் ஒதுக்கினாள். புத்தகத்தை அவன் மடியில் வைத்தாள்.

"நூத்திப் பத்தாம் பக்கம். நான் சொல்றேன், நீ சரி பாரு. கையைக் குடு."

"எந்தக் கை?"

"கேமரா பிடிக்கிற கை."

அவன் மணிக்கட்டை இரண்டு விரல்களால் பிடித்து, எலும்பு எலும்பாக அழுத்திக்கொண்டு போனாள். "படகு எலும்பு. பிறை எலும்பு. முக்கோண எலும்பு. பட்டாணி எலும்பு. பெரிய நாற்கோணம், சின்ன நாற்கோணம்..."

ஏழாவதில் விரல் நின்றது. நெற்றியைச் சுருக்கினாள். மணிக்கட்டை விடாமலே மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

ஏழாவதின் பெயர் நூற்றுப் பத்தாம் பக்கத்தில், மீரெக்கின் கண்ணுக்கு நேராக இருந்தது. அவன் சொல்லிக்கொடுக்கவில்லை.