ஒண்ணாவது இருக்கணும்

டெல்மர் மாடுகளை மொத்தமாக விற்றுவிட்டான் என்று தீவனக் கடையில் சொன்னபோது லோர்னா பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அமெரிக்காவின் கிழக்கு ஆரிகனில் அந்த வறட்சியில் விற்காதவன் யார்? நாயையும் பக்கத்துப் பண்ணைக்காரனுக்குக் கொடுத்துவிட்டான் என்று கேட்டபோதுதான் தூக்கிய தீவன மூட்டையைக் கீழே வைத்தாள். பதினோரு வருடம் வண்டியில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்த நாய் அது. அதையே கொடுத்துவிட்டவன் எங்கே போகப் பார்க்கிறான்?

டெல்மர் அவளுக்கு ஒரே தம்பி. மனைவியைப் புற்றுநோய் கொண்டுபோனதிலிருந்து ஆள் ஆளாக இல்லை. அவன் வீட்டுச் சுவர் நிறையத் துப்பாக்கிகள். அந்தப் பள்ளத்தாக்கில் அது அதிசயமில்லை, துப்பாக்கி இல்லாத வீட்டைத்தான் சந்தேகமாகப் பார்ப்பார்கள்.

இரவுச் சாப்பாட்டின்போது கணவனிடம் சொல்லிவிட்டாள். "வெர்ன், நான் ஷெரீஃப கூப்பிடப் போறேன். கோர்ட்ல சொன்னா ஒரு வருஷத்துக்கு டெல்மர் துப்பாக்கிய வாங்கி வெச்சுக்குவாங்களாம். சட்டம் இருக்கு."

வெர்ன் முள்கரண்டியைக் கீழே வைத்தான். "எந்தச் சட்டத்த எதிர்த்து ஊர்க்கூடத்துல நான் தொண்டத்தண்ணி வத்தக் கத்துறேனோ, அதையே என் வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றியா?"

"கத்துறது நீ. சாகப்போறது என் தம்பி."

"ஹார்லன மறந்துட்டியா?"

மறக்கவில்லை. ஊர்க் கிழவர் ஹார்லனுடைய மகளும் நல்லதுக்குத்தான் ஷெரீஃபுக்குப் போன் செய்தாள். அப்பா புலம்புகிறார், கொஞ்சம் பார்த்துவிட்டு வாருங்கள் என்றாள். விடியாத நேரத்தில் ஷெரீஃபின் போலீஸ் ஆட்கள் போய்க் கதவை இடித்தார்கள். யாரோ எவரோ என்று கிழவர் துப்பாக்கியோடு கதவைத் திறந்தார், வாசலிலேயே சுட்டுவிட்டார்கள். சாவு வீட்டுக்கு உருளைக்கிழங்கும் இறைச்சியும் சமைத்துக்கொண்டு போனவள் லோர்னாதான். ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று நம் பக்கத்தில் சொல்வார்களே, அந்த ஊரார் அதைக் கண்ணால் பார்த்தவர்கள்.

"மேய்ச்சல் நிலத்தப் புடுங்குனான். ஆத்துத் தண்ணிக்குப் பூட்டுப் போட்டான்," என்றான் வெர்ன். "கவர்மெண்ட் கைக்குப் போனதுல எதுடீ திரும்பி வந்திருக்கு? ஒண்ணே ஒண்ணு சொல்லு பாப்போம்."

லோர்னா தட்டுகளை எடுத்து அடுக்கினாள். அவன் குரலைத் தணித்துக்கொண்டான். "நமக்குன்னு ஒரு வழக்கம் இருக்குல்ல. நானே போறேன்."

வழக்கம் இதுதான்: ஒருவனுக்கு மனசு சரியில்லை என்றால் சிநேகிதன் பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு போவான். காபி குடிப்பான், மழையைப் பற்றிப் பேசுவான். கிளம்பும்போது, "உன் துப்பாக்கியெல்லாம் எண்ணெய் போடாமக் கெடக்கு, நான் கொண்டுபோய்த் தொடச்சு வெக்கிறேன்," என்பான். எதற்கென்று இருவருக்கும் தெரியும், இருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். நீதிபதியும் இல்லை, போலீஸ் வில்லையும் இல்லை. அப்படித்தான் பலபேர் பிழைத்திருக்கிறார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"எல்லாத்தையும் எடுத்துட்டு வந்துடு, வெர்ன். ஒண்ணு விடாம."

"சரி சரி."

மறுநாள் சாயங்காலம் வண்டி நிறையக் கொண்டுவந்து இறக்கினான். முகத்தில் ஜெயித்துவிட்ட களை. "சொன்னேன்ல? ஒரு வார்த்த எதுத்துப் பேசல. அவனே தூக்கிக் குடுத்தான்."

லோர்னா ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "அப்பாவோட பழைய ரைஃபிள் எங்க?"

"அது அவன் சமையக்கட்டுக் கதவுக்குப் பின்னாடி இருக்கு."

"ஏன் இருக்கு?"

"என்னடி கேள்வி இது? ஒரு மனுஷன வெறுங்கையோட விட்டுட்டு வர முடியுமா? வீடுன்னா ஒண்ணாவது இருக்கணும். நரி வந்தா என்ன பண்ணுவான்?"

"மாடே இல்லாதவனுக்கு ஏது நரி?"

வெர்ன் கையிலிருந்த துணியால் துடைத்த குழலையே மறுபடி துடைத்தான். "என் கண்ணப் பாத்து சத்தியம் பண்ணான், லோர்னா. சிரிச்சான்கூட. அதையும் புடுங்கிட்டு வந்தா அவனுக்கு என்ன மரியாத இருக்கு?"

அவள் போனை எடுத்தாள். ஷெரீஃபின் எண் மனப்பாடம். ஹார்லன் வீட்டு வாசல் கண்முன் வந்து நின்றது. காலையில் தானே போய் எடுத்துவிடலாம் என்று போனை வைத்துவிட்டாள். பாவி, அதை மட்டும் வைக்காமல் இருந்திருக்கலாம்.

காலையில் அவள் போனபோது காபிக் கோப்பைகள் இரண்டும் கழுவிக் கவிழ்த்திருந்தன. கதவுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. டெல்மர் வைக்கோல் கொட்டகையில் இருந்தான், உடம்பு ஆறிப்போயிருந்தது.

அடக்கத்துக்கு ஊரே வந்தது. வெர்ன் ஊர்க்கூடத்துக் கூட்டங்களுக்குப் போவதை நிறுத்திவிட்டான். கூப்பிட வந்தவர்களிடம் முதுகுவலி என்று சொன்னான்.

முதல் பனி விழுந்த வாரம் ஷெரீஃப் ரஸ்ஸின் வண்டி வாசலில் வந்து நின்றது. பள்ளிக்கூடத்தில் லோர்னாவோடு படித்தவன் அவன். ஒரு கையில் தொப்பி, மறுகையில் போர்வை சுற்றிய நீளமான பொருள்.

"விசாரண முடிஞ்சிருச்சு, லோர்னா. வாரிசு நீதான். இத உங்கிட்ட ஒப்படைக்கணும்."

வெர்ன் ஒரு எட்டு பின்னால் போனான். "வேணாம் ரஸ். நீங்களே வெச்சுக்கோங்க. உருக்கிப் போடுங்க, என்னமோ பண்ணுங்க."

"நாங்களா வெச்சுக்க முடியாது, வெர்ன்." ரஸ் குத்தலாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னான். "இதுல கவர்மெண்ட்டுக்கு உரிம இல்ல."

லோர்னாதான் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். ரஸ்ஸின் வண்டி போகும்வரை நின்றாள். பிறகு போர்வையைப் பிரித்து, அப்பாவின் ரைஃபிளைத் தன் சமையலறைக் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்தாள்.

"இங்க எதுக்குடி?" என்றான் வெர்ன்.

"நீதானே சொன்ன? வீடுன்னா ஒண்ணாவது இருக்கணும்னு."