வெற்று அடைப்புக்குறி

அக்காவின் போன் வந்தபோது சின்னவள் காபியை ஆற்றிக்கொண்டிருந்தாள். வீட்டில் இரண்டாவது பெண் என்பதால் அந்தப் பெயர்; ஆஸ்பத்திரியின் ஐந்தாம் மாடியில், கம்ப்யூட்டர் பிரிவில் புரோகிராம் எழுதுவது வேலை. அதே ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில்தான் அக்காவின் கணவர் குடல்வால் ஆபரேஷனுக்காகப் படுத்திருந்தார்.

"ஊசின்னு சொன்னதும் உங்க அத்தான் கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சுக்குவார் போலிருக்குடி," என்று அக்கா சிரித்தாள். "அது கிடக்கட்டும். அவருக்கு பென்சிலின் ஆகாதுன்னு போன தடவையே சொல்லியிருந்தோம்ல? இங்க ஸ்கிரீன்ல அலர்ஜி இல்லைன்னு காட்டுது. நல்லவேளை, நான் சொன்னதும் நர்ஸம்மா ஊசியைக் கீழ வச்சுட்டாங்க."

"வச்சுட்டாங்களா? நீ பார்த்தியா?"

"என் கண்ணு முன்னாலதான். ஏன்டி பதறுற?"

சின்னவள் போனை வைத்துவிட்டு அத்தானின் பதிவைத் திறந்தாள். மூலப் பதிவில் பென்சிலின் பத்திரமாக இருந்தது. அப்படியானால் வார்டுக்குப் போகும் வழியில்தான் எங்கோ தொலைகிறது. அந்த வழியைப் போட்டவள் அவளேதான்.

நோயாளியின் பெயர், வயது, ஆகாத மருந்துகள் எல்லாம் புரோகிராமுக்குள் ஒரே பொருளாக இருக்கும். அதை அப்படியே அனுப்ப முடியாது. ஜேசன் என்ற எழுத்து வடிவத்துக்கு மாற்றி அனுப்பி, வார்டில் அதைப் படித்து மறுபடியும் பொருளாக்க வேண்டும். ஒரே மருந்து இரண்டு தடவை பதிவாகிறது என்று நர்ஸ்கள் அலுத்துக்கொண்டதால், மருந்துகளைச் சாதாரண வரிசையிலிருந்து எடுத்து 'செட்' என்ற தொகுப்புக்குள் போட்டிருந்தாள். செட்டுக்குள் எதுவும் இரண்டு தடவை நுழையாது. இன்று காலைதான் அது வார்டுகளுக்குப் போயிருந்தது.

போய்க்கொண்டிருந்த ஜேசனை எடுத்துப் பார்த்தாள். ஆகாத மருந்துகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஜோடி சுருள் அடைப்புக்குறி. உள்ளே ஒன்றுமில்லை. செட்டை ஜேசனாக்கத் தெரியாத புரோகிராம், தெரியாது என்று ஒரு வார்த்தை முனகாமல் வெறும் கூட்டை அனுப்பியிருந்தது. வார்டுப் பக்கத்துப் புரோகிராமும் அதை வாங்கிக்கொண்டு 'அலர்ஜி இல்லை' என்று பச்சை எழுத்தில் காட்டியது. அவள் சோதித்தபோது எடுத்துக்கொண்டது நிஜமாகவே அலர்ஜி இல்லாத ஒருவரை; அதனால் தப்புத் தெரியவில்லை.

அடுத்த நோயாளியைப் பார்த்தாள். வெற்று அடைப்புக்குறி. அதற்கடுத்தவர், குழந்தைகள் வார்டு, பிரசவ வார்டு. எல்லாம் அதேதான். இந்த நிமிஷம் எந்தக் கட்டிலருகில் யார் ஊசியோடு நிற்கிறார்களோ!

மேலாளரிடம் ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னாள். அவர் முகம் வெளிறியது.

"முதல்ல பழைய புரோகிராமைத் திருப்பிப் போடு. பத்து நிமிஷ வேலைதானே? அதுக்குள்ள ஊரைக் கூட்டினா நம்ம தலைதான் உருளும்."

"அந்தப் பத்து நிமிஷத்துல யாருக்காவது ஊசி போட்டுட்டா சார்?"

அவருடைய மேஜை போனை எடுத்துத் தலைமை நர்ஸை அழைத்தாள்.

"சிஸ்டர், ஸ்கிரீன்ல அலர்ஜி இல்லைன்னு வந்தா நம்பாதீங்க. எந்த வார்டுலயும். கூட இருக்கிறவங்ககிட்ட கேட்காம எதையும் குடுக்க வேண்டாம்னு சொல்லுங்க. தப்பு எங்க பக்கம்."

"எப்பலேர்ந்து?"

"காலையிலேர்ந்து."

அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது. சற்றைக்கெல்லாம் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. சின்னவள் பழைய புரோகிராமைத் திருப்பிப் போட உட்கார்ந்தாள். அவசரத்தில் பாஸ்வேர்டு தப்புத் தப்பாக விழுந்தது. ஒருவழியாகப் போட்டு முடித்து, அத்தான் பெயருக்கு நேரே பென்சிலின் சிவப்பில் எரிவதைப் பார்த்து மூச்சு விட்டாள். அப்போது ஒலிபெருக்கி மறுபடியும் கரகரத்தது. மூன்றாம் மாடி, பெண்கள் வார்டு. டாக்டர் உடனே வரவும்.

லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படிகளில் தடதடவென்று இறங்கினாள். வார்டின் கடைசிக் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. உள்ளே யாரோ மூச்சுக்குத் திணறுவது வாசல்வரை கேட்டது. திரைக்கு வெளியே ஒரு பெண் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள்.

"எங்கம்மா... தையல் வேலை செய்றவங்க," என்றாள், கேட்காமலே. "டீ வாங்கக் கீழ போயிருந்தேன். வர்றதுக்குள்ள ஊசி போட்டுட்டாங்க. நீங்க டாக்டரா?"

சின்னவள் இல்லையென்று தலையசைத்தாள். அங்கிருந்து ஓடிவிட வேண்டும் போலிருந்தது. ஆனாலும் நின்றாள். உள்ளே அந்தத் திணறல் திடீரென்று நின்றது. அது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று தெரியாமல் இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

தலைமை நர்ஸ் திரையை விலக்கி வெளியே வந்தாள். "மூச்சு சீராயிடுச்சு. அறிவிப்பைக் கேட்டு ஊசி போட்ட நர்ஸ் திரும்பி ஓடி வந்து பார்த்திருக்கா. உதடு வீங்க ஆரம்பிச்சிருக்கு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா..."

மகள் சுவரோடு சரிந்து உட்கார்ந்து அழுதாள். சின்னவள் அவள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தாள்.

"அந்த ஸ்கிரீனுக்கு வேலை பார்த்தது நான்தான்," என்றாள். "உங்கம்மாவுக்கு ஆகாத மருந்து அதுல வராமப் போனது என்னாலதான்."

அந்தப் பெண் கையை உருவிக்கொண்டாள். பிறகு, "இப்ப சரியா வருதா? மத்தவங்களுக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

"வருது."

"போய் இன்னொரு தடவை பார்த்துட்டு வாங்க."

சின்னவள் எழுந்து ஒவ்வொரு கட்டிலாகப் போனாள். ஒவ்வொருவரிடமும் என்னென்ன மருந்து ஆகாது என்று வாயால் கேட்டு, பிறகே ஸ்கிரீனைப் பார்த்தாள். மூன்றாம் மாடி முடிந்து இரண்டாம் மாடிக்கு வந்தபோது, அத்தானிடமும் அதையே கேட்டுவிட்டுத்தான் ஸ்கிரீனைப் பார்த்தாள்.