படுத்த மெஷினுக்கும் ஒரு பங்கு

தேவனேரிக் குப்பத்தில் சிங்காரத்தின் வீட்டு மாடியறைக்குக் கடல் வந்தது ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், நாஸ்தா நேரத்தில். கணுக்கால் அளவுதான். அவர் மகள் அனு திருப்போரூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் சர்வர்களைக் கட்டி மேய்ப்பவள். ஆபீஸ்கள் தள்ளிவிட்ட பழைய கம்ப்யூட்டர்களைக் காயலான் கடையில் பொறுக்கி வந்து, ஒவ்வொன்றிலும் லினக்ஸ் ஏற்றி, கேபிளால் பிணைத்து, எல்லாம் சேர்ந்து ஒரே கணக்கைப் போடும்படி செய்திருந்தாள். கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை நாளைக்குக் கடல் எந்தப் பக்கம் இழுக்கும் என்பதே கணக்கு. அவள் அண்ணன் லோகு தினமும் அந்தத் தண்ணீரில்தான் மீன்பிடி போட்டு ஓட்டுகிறான். டிவியில் சொல்கிற அறிக்கை வங்கக் கடல் முழுக்கப் பொது. அனுவுக்கு அண்ணன் போகிற கடல் மட்டும் தெரிந்தால் போதும். முதல்முறை கணக்குச் சரியாக ஓடியபோது தரையில் தண்ணீர் ஊறியது, உப்புக் கரித்தது, தெற்கிலிருந்து வடக்கே இழுத்தது. அம்மா சம்பூர்ணம் துடைத்துப் பார்த்தாள். துடைக்கத் துடைக்க வந்ததால், மெஷின் சூட்டில் நெத்திலி காயவைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டாள்.

பெரிய கணக்கைக் கூறுபோட்டு ஆளுக்கொரு துண்டாகத் தள்ளுவதுதான் இதில் சூட்சுமம். பிடித்த மீனைப் பிரித்துக்கொள்வதைப் போலவே குப்பத்தில் அதற்கும் பெயர் பங்கு. வஞ்சிரம், சீலா, கவலை என்று மீன் பெயர் வைத்த மெஷின்கள் தங்கள் பங்குக் கடலைத் தங்கள் காலடியிலேயே தேக்கி வைத்துக்கொண்டன. கடலுக்குப் போகிறவர்கள் மாடியேறி, காலை நனைத்து, இழுப்புப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஐப்பசி முதல் வாரம் இடி விழுந்து காரை என்ற மெஷின் கருகிப்போனது. அனு அதன் உள்ளுறுப்புகளை எல்லாம் கழற்றி மற்றதற்குப் பொருத்திவிட்டு, வெறும் டப்பாவை வரிசையிலேயே விட்டிருந்தாள். அதைப் பங்கிலிருந்து நீக்கப் போனபோது சம்பூர்ணம் விடவில்லை. "காச்சல்ல படுத்தவனுக்கே பங்கு எட்த்து வெக்கற ஊரு இது. இத்த மட்டும் இன்னாத்துக்குத் தள்ற?" படித்த பெண்ணுக்கு மறுத்துச் சொல்லத் தெரியும். ஆனால் அந்தப் பங்குச் சோற்றில் வளர்ந்தவள் என்பதால் காரைக்கும் ஒரு துண்டு கடலை ஒதுக்கினாள்.

அப்படி ஒதுக்கியபின் கணக்கை ஒருமுறைகூட ஓட்டுவதற்குள், லோகு தனியாகப் போனவன் மறுநாளும் திரும்பவில்லை. போனும் எடுக்கவில்லை. இன்ஜின் நின்று இழுத்த பக்கம் போயிருப்பான் என்று எல்லோருக்கும் புரிந்தது. எந்தப் பக்கம் என்றுதான் தெரியவில்லை. சாயங்காலம் காற்று திரும்பிவிடும் என்றார்கள்; அதற்குப் பிறகு தேடப் போகிறவனையும் தேட வேண்டியதாகிவிடும். கரையில் போட்டுகள் டீசல் ஊற்றித் தயாராக நின்றன. அனு கணக்கை ஓட்டினாள். தண்ணீர் வந்தது. சிங்காரம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வஞ்சிரத்தின் காலடியில் தேடினார், சீலாவின் காலடியில் தேடினார், எங்கும் மகன் இல்லை. காரையின் கீழே மட்டும் தரை காய்ந்து கிடந்தது. மற்ற மெஷின்கள் தங்கள் பங்கை முடித்துவிட்டு, அதன் பதிலுக்காகக் காத்து நின்றன. அறையின் கடல் அசையாமல் நின்றுவிட்டது.

அனுவுக்கு அப்போதுதான் தான் செய்த காரியம் உறைத்தது. செத்த மெஷினின் பதிலுக்காகக் கணக்கு காலம் பூராவும் காத்திருக்கும். நிறுத்தி முதலிலிருந்து ஓட்டினால் முடிவதற்குள் காற்று திரும்பிவிடும். "நான்தாம்மா அண்ணன கொன்ட்டேன்" என்று கதறிக்கொண்டு நிறுத்தப் போனவளின் கையைச் சம்பூர்ணம் பிடித்துக்கொண்டாள். "இரு. பங்கு வாங்கிக்கினவன் வேல செய்யாம பூட மாட்டான்" என்றாள்.

வயரும் இல்லாத, உள்ளே ஒன்றும் இல்லாத அந்த டப்பாவில் விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. காய்ந்த தரையில் தண்ணீர் ஊறி மற்ற கடலோடு சேர்ந்தது. அதில் வேர்க்கடலைத் தோல் அளவுக்கு ஒரு போட்டும், அதற்குள் எள்ளளவுக்கு ஒரு லோகுவும் ஆடிக்கொண்டிருந்தார்கள். சிங்காரம் மண்டிபோட்டு, மூக்கு தண்ணீரில் பட்டுவிடும் அளவுக்குக் குனிந்து பார்த்தார். "நம்ம புள்ளதான். இன்ஜின எட்டி ஒதைக்கிறான் பாரு" என்றார். அனு இடத்தைக் குறித்துச் சொன்னாள், சதுரங்கப்பட்டினத்துக்கு நேர் கிழக்கே. போட்டுகள் பறந்தன. காற்று திரும்புவதற்கு முன்பே அவனைக் கட்டி இழுத்து வந்துவிட்டார்கள்.

கரையில் சம்பூர்ணம் மகனை இரண்டு அறை அறைந்துவிட்டுக் கட்டிக்கொண்டாள். சோறு தின்று முடித்த பிறகுதான் லோகுவுக்குப் பேச்சு வந்தது. "வெயில் அடிச்சிகினே இருந்துச்சி. திடீர்னு வானத்துல நம்ம நைனா மூஞ்சி. மேகம் கணக்கா அம்மாம் பெர்சு. அதுலேர்ந்து உப்புத் தண்ணி கொடம் கொடமா ஊத்திச்சிப்பா. போட்டு முழுவறதுக்கு இருந்துச்சி, மொண்டு ஊத்தி மாள்ல."

எல்லோரும் சிங்காரத்தைப் பார்த்தார்கள். பெற்ற தாய் செத்தபோதும் அழாத ஆள் அவர். "வேர்வைடா அது. அந்த ரூம்ல இன்னா அனல் தெரியுமா?" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இப்போது மாடியறைக் கதவில் ஒரு துண்டு தொங்குகிறது. கடலுக்குப் போனவர்களைப் பார்க்க வரும் பெண்கள் முதலில் முகத்தை நன்றாகத் துடைத்துக்கொள்கிறார்கள், அப்புறம்தான் குனிகிறார்கள்.