பித்தளைத் தகட்டில் ஒரு தேதி

வெளிநாட்டில் உளவு பார்க்கும் துறைகள் வரம்பு மீறினால் அமெரிக்க அதிபரின் காதில் போட வேண்டியது அந்தக் குழுவின் வேலை. எட்டுப் பேர். யாரும் அரசு ஊழியர் இல்லை. சம்பளமும் இல்லை, கௌரவம் மட்டும்தான். அந்தக் கௌரவத்தைச் சிலர் சம்பளத்தைவிடப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டார்கள்.

தலைவர் வென்டல் ஸ்ட்ராடுக்கு ஆறு மாநிலங்களில் மெத்தைக் கடைகள். தேர்தலில் அதிபருக்காக அவர் விருந்து வைத்தார், அதிபர் அவருக்கு இந்தக் குழுவைத் தூக்கிக் கொடுத்தார். பதவிக்கு வந்த முதல் மாதமே வாஷிங்டனில் குழு கூடும் அறையில் ஒரு புகைப்படத்தை மாட்டினார். அதிபரும் அவரும் கைகுலுக்குகிறார்கள், பின்னால் ஆளுயரக் கடிகாரம். கீழே தன் செலவில் அடித்த பித்தளைத் தகடு: 'ஏப்ரல் 9, அதிபருடன் மதிய உணவு.' அறைக்குள் நுழைகிற எவரும் கோட்டைக் கழற்றுவதற்குள் அதைப் பார்த்தாக வேண்டும்.

வெர்னா ஹாலிக்குக்கு அந்தப் படத்தைப் பார்த்தாலே கசக்கும். ஒமாஹாவில் முப்பத்தொரு வருஷம் காப்பீட்டுக் கோரிக்கைகளைத் துருவிப் பார்த்தவள். கடை தீப்பிடித்தது ஒன்பது மணிக்கா பத்து மணிக்கா என்று கேட்டுக் கேட்டே எத்தனையோ பேரின் தூக்கத்தைக் கெடுத்தவள். 'கட்சிக்கு வெளியே ஒரு பெண், நாட்டின் நடுப்பகுதியிலிருந்து' என்று பட்டியல் நிரப்பத்தான் அவளைச் சேர்த்தார்கள். அவளுக்கும் அது தெரியும்.

இந்தக் கூட்டத்துக்கு வந்திருந்தது நீலக் கோப்பு. அதற்குள் ஒரு மனிதன் இருந்தான். எங்கோ ஒரு துறைமுக ஊரில் குளிர்பெட்டி பழுது பார்க்கிறவன். தேடப்பட்ட ஒருவனின் பெயரே இவனுக்கும். உளவுத்துறைக்காரர்கள் நட்பு நாட்டுப் போலீஸிடம் சொல்லிப் பிடித்துப் போட்டார்கள். ஆள் மாறிவிட்டது என்று மூன்றாவது வாரமே தெரிந்துவிட்டது. வெளியே விட்டால் தவறை ஒப்புக்கொண்டதாகும் என்று பதினாலு மாதமாக உள்ளேயே வைத்திருந்தார்கள். குழு ஒரு பத்தி எழுதினால் அதிபர் கேட்பார். கேட்டால் விட்டாக வேண்டும். எழுதாவிட்டால் கோப்பு மூடப்படும், அவனும் அதோடு.

ஸ்ட்ராட் அதிபருக்குப் போகும் கடித வரைவைப் படித்தார். "உறுப்பினர் அனைவரும் கோப்பை முழுமையாக வாசித்தோம். தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர வேண்டியது எதுவும் இல்லை." படித்துவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

"அந்த ஆள்?" என்றாள் வெர்னா.

"எந்த ஆள்?"

"பதினாலு மாசமா உள்ள இருக்கானே, அவன்."

"அது துறையோட நிர்வாக விஷயம். நாம ஆலோசனைக் குழு. அவங்க சமையல்கட்டுல போய் நாம பாத்திரம் கழுவ முடியாது."

"கழுவச் சொல்லல. நாறுதுன்னு சொல்லத்தான் நம்மள வெச்சிருக்காங்க."

ஸ்ட்ராட் சிரித்தார். கடையில் விலை குறைத்துக் கேட்பவரைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. "வெர்னா மேடம், இது ஒமாஹா இல்ல. யார் வீட்டுக் கூரை பறந்துச்சுன்னு விசாரிக்கிற எடம் இல்ல இது. ஏழு பேர் சரிங்கறாங்க. உங்களுக்குப் புரியலன்னா அது எங்க தப்பா?"

மற்ற ஆறு பேரும் மேஜையைப் பார்த்தார்கள். ஓய்வுபெற்ற ஜெனரல் ஒருவர் கண்ணை மூடியே சம்மதித்துக்கொண்டிருந்தார்.

வெர்னா வாசல் பக்கம் திரும்பினாள். "டெல்கடோ, வாசிப்புத் தாளைக் கொஞ்சம் கொடுங்க."

டெல்கடோ அறையின் காவல் அதிகாரி. கோப்பு அந்த அறையைத் தாண்டக் கூடாது. வாசிக்கிறவர் உள்ளே வந்து உட்கார்ந்து வாசித்து, வந்த நேரமும் போன நேரமும் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். தாளில் பெயர் இல்லாதவர் கடிதத்தில் கையெழுத்திட முடியாது. டெல்கடோ தலைவரைப் பார்த்தான்.

"தாராளமாக் கொடுப்பா," என்றார் ஸ்ட்ராட். "எல்லார் கையெழுத்தும் இருக்கு."

இருந்தது. வெர்னா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தாள். "வென்டல் ஸ்ட்ராட். ஏப்ரல் ஒம்பது. உள்ளே பன்னெண்டே கால். வெளியே ஒண்ணு அம்பது."

"ஆமா. மதியச் சாப்பாட்டைக்கூட விட்டுட்டு வாசிச்சேன்."

வெர்னா தாளிலிருந்து தலையை நிமிர்த்திச் சுவரைப் பார்த்தாள். ஒவ்வொருவராக எல்லோரும் பார்த்தார்கள். படத்தில் அதிபரின் தோளுக்குப் பின்னால் கடிகாரம் ஒன்று பத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

ஜெனரல் கண்ணைத் திறந்தார்.

"அந்தக் கடிகாரம் ஓடாது," என்றார் ஸ்ட்ராட்.

"அதிபர் ரூம்ல ஓடாத கடிகாரத்தை வெச்சிருக்காங்கன்னு லெட்டர்ல சேத்துடலாமா? அவரும் தெரிஞ்சுக்கட்டும்."

"நீங்க என்னைப் பொய்யன்னு சொல்றீங்களா?"

"நான் சொல்லல. உங்க தகடு சொல்லுது. எதோ ஒரு தேதி போடணும், உங்களுக்கு மனப்பாடமா இருந்த ஒரே தேதி இதுதான். எட்டாந்தேதின்னு போட்டிருந்தீங்கன்னா நான் வாயை மூடிட்டு ஊருக்குப் போயிருப்பேன்."

ஜெனரல் தொண்டையைச் செருமினார். "நான்கூட அந்தக் கோப்பை இன்னொரு தடவை பாக்கலாம்னு இருந்தேன்."

"முதல் தடவை எப்ப பாத்தீங்க?" என்றாள் வெர்னா. ஜெனரல் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

ஸ்ட்ராட் அவளை தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டார். அங்கே அவர் சிரிக்கவில்லை.

"என்ன வேணும் உனக்கு?" மரியாதை உள்ளேயே தங்கிவிட்டது.

"அந்தப் பத்தி கடிதத்துல போகணும். எல்லாரும் வாசிச்சுட்டுக் கையெழுத்துப் போடணும். முதல்ல நீங்க. இன்னிக்கே."

"போட்டா நீ இன்னிக்கே ராஜினாமா. அடையாள அட்டையைக் கொடுத்துட்டுப் போயிடணும். அப்புறம் அந்த ஆளை விட்டாங்களா, செத்தானா, உனக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாது. யாரும் சொல்ல மாட்டாங்க. நான் பாத்துக்கறேன்."

எந்தக் கோரிக்கையானாலும் கடைசியில் என்ன ஆயிற்று என்று தெரிந்தாக வேண்டும் வெர்னாவுக்கு. முப்பத்தொரு வருஷப் பழக்கம். அவளுக்கு எங்கே வலிக்கும் என்று அந்த மெத்தைக்காரருக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

"சரி. நீங்க வாசிச்சு முடிச்சதும் அட்டையைத் தர்றேன்," என்றாள்.

மூன்று மணிக்கு ஸ்ட்ராட் உள்ளே உட்கார்ந்தார். டெல்கடோ தாளில் நேரத்தைத் தன் கையாலேயே எழுதினான். வெர்னா வெளியே நாற்காலியில் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நாலரைக்குக் கதவு திறந்தது. ஸ்ட்ராட் டையைத் தளர்த்தியிருந்தார்.

"வாசிச்சாச்சு. அட்டையை எடு."

"அவனுக்கு எத்தனை குழந்தைங்க?"

"என்ன பரீட்சையா இது?"

"எத்தனைன்னேன்."

"ரெண்டு பொண்ணுங்க."

"ரெண்டுங்கறது முப்பதாம் பக்கம். மூணாவது அவன் உள்ள போனப்புறம் பொறந்துச்சு, முப்பத்தாறாம் பக்கம். அவன் இன்னும் அதைப் பாக்கல." வெர்னா எழுந்திருக்கவில்லை. "டெல்கடோ, கதவைத் திறங்க. சார் இன்னும் முடிக்கல."

ஸ்ட்ராட் டெல்கடோவைப் பார்த்தார். டெல்கடோ கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான். அவர் அவளைத் திட்டிய வார்த்தை எந்தக் கோப்பிலும் ஏறாது. திட்டிவிட்டு உள்ளே போனார்.

ஆறே காலுக்கு ஸ்ட்ராட் கையெழுத்துப் போட்டார். ராத்திரி விமானத்தைத் தவறவிட்ட கோபத்தோடு மற்றவர்களும் வரிசையாக உட்கார்ந்து வாசித்துப் போட்டார்கள். பத்தியைத் தாங்கிய கடிதம் பூட்டுப் பைக்குள் போவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வெர்னா கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றினாள்.

டெல்கடோ அதைக் கத்தரியால் இரண்டாக வெட்டினான். "இனிமே உங்ககிட்ட நான் எதுவும் பேசக் கூடாது மேடம்."

"தெரியும்ப்பா."

கதவு வழியாக அறை தெரிந்தது. ஸ்ட்ராட் நாற்காலி மேல் ஏறி, மூச்சு வாங்க, படத்தைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தார்.